100 மெகாஹெர்ட்ஸில் சூரியன்

வத்தலக்குண்டில் பேருந்து ஏறி, காமக்காபட்டி தாண்டி மலைச்சாலை ஆரம்பித்ததும் ஓட்டுநர் பண்பலையை வைத்துவிடுவார். 100.5, கோடைப் பண்பலை. டம்டம் பாறை வரும்போது காது அடைக்கும். ஊத்து வருவதற்குள் இன்னொரு தடவை. எச்சில் விழுங்கினால் 'டப்' என்று திறந்துகொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறோம் என்று காது சொல்லிவிடும். மேலே போகப்போகக் காற்று மெலிகிறது, அவ்வளவுதான் விஷயம். 2343 மீட்டரில் இருக்கும் கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் வாசலில் நிற்கும்போது நாம் இழுக்கும் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு.

சூரியனில் ஒரு வெடிப்பு நிகழும்போது அதிலிருந்து தெறித்து ஓடும் எலெக்ட்ரான்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதை நாம் தெரிந்துகொள்வதும் கிட்டத்தட்ட இந்தக் காதடைப்பு வித்தைதான். அந்த எலெக்ட்ரான்கள் கண்ணுக்குத் தெரியாது. அவை ஓடும் கொரோனாவும் கிரகணத்தின்போது தவிர வெறுங்கண்ணுக்குத் தெரியாது. (2020க்குப் பிறகு இந்தச் சொல்லை எழுதவே கை கொஞ்சம் தயங்குகிறது. ஆனால் நோய்க்குப் பல காலம் முன்பே இது சூரியனின் வெளிவளிமண்டலத்துக்குப் பெயர்.) ஆனால் அந்த எலெக்ட்ரான்கள் போகிற வழியெல்லாம் வானொலி அலைகளை எழுப்பிக்கொண்டே போகின்றன. அந்த அலையின் அதிர்வெண்ணைப் பார்த்தால் உயரம் தெரிந்துவிடும்.

பெருமாள்மலையில் இருக்கும் என் அத்தையிடம் இதைச் சொன்னபோது, "ஏப்பா, சூரியன்ல இருந்து சத்தம் வருமா?" என்று கேட்டார். வராது, அத்தை. நடுவில் வெற்றிடம், சத்தம் எப்படி வரும்? வருவது வானொலி அலை. ஒளி மாதிரியே அதுவும் 8 நிமிடம் 20 விநாடியில் வந்து சேரும். வானொலிப் பெட்டிக்குள் நுழைந்த பிறகுதான் அது இரைச்சலாகிறது.

சரி, அதிர்வெண்ணுக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்? கொரோனா பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் பிளாஸ்மா. அணுக்கள் உடைந்து எலெக்ட்ரான் தனியாக, அயனி தனியாக மிதக்கும் நிலை. இதில் ஓரிடத்து எலெக்ட்ரான்களைக் கொஞ்சம் தள்ளிவிட்டால், பின்னால் விட்டுவந்த நேர்மின்சுமை அவற்றைத் திரும்ப இழுக்கும். வந்த வேகத்தில் நிலைதாண்டி மறுபுறம் போகும், மறுபடி இழுபடும். ஊஞ்சல்தான். இந்த ஊஞ்சல் ஒரு விநாடிக்கு எத்தனை தடவை ஆடும் என்பது அந்த இடத்து எலெக்ட்ரான் அடர்த்தியை மட்டுமே பொறுத்தது. கணக்கும் எளிது: ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள எலெக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து 9ஆல் பெருக்கினால் கிலோஹெர்ட்ஸில் விடை வந்துவிடும்.

கோடைப் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். கன சென்டிமீட்டருக்குச் சுமார் 12.5 கோடி எலெக்ட்ரான்கள் வருகிறது. எண் பெரிதாகத் தோன்றினாலும் நாம் சுவாசிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் இது பதினாயிரம் கோடி மடங்குக்கும் மேல் மெலிந்தது. கொரோனாவில் இந்த அடர்த்தி, வழக்கமாகப் பயன்படுத்தும் மாதிரிகளின்படி, சூரியப் பரப்புக்கு மேலே ஏறக்குறைய ஒன்றரை லட்சம், ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் உயரத்தில் கிடைக்கும். அதற்குக் கீழே அடர்த்தி அதிகம், ஆகவே அதிர்வெண்ணும் அதிகம். மேலே போகப்போக இரண்டும் குறையும். பூமிக்கு அருகே கன சென்டிமீட்டருக்கு ஐந்து எலெக்ட்ரான் இருந்தால் பெரிது; அங்கே அதிர்வெண் வெறும் 20 கிலோஹெர்ட்ஸ். அதை நம் வளிமண்டலத்தின் அயனிமண்டலம் உள்ளே விடாது. விண்கலம் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

ஆக, சூரியனிலிருந்து வரும் வானொலி அலை மேல் சுருதியிலிருந்து கீழ் சுருதிக்கு வழுக்கிக்கொண்டு வந்தால், ஏதோ ஒன்று மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு வேகமாக வழுக்குகிறது என்பதிலிருந்து அது ஏறும் வேகமும் தெரியும்.

இந்த அலைகளைத் தேடிப் போய் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1942 பிப்ரவரி. அந்த மாதம் 12ஆம் தேதி ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் பிரிட்டனின் மூக்குக்குக் கீழேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து தப்பின. பிரிட்டிஷ் ராடார்களை ஜெர்மானியர்கள் இரைச்சலால் குழப்பியதும் அதற்கு ஒரு காரணம். அந்தச் சூடு ஆறுவதற்குள், மாதக் கடைசியில் 4 முதல் 6 மீட்டர் அலைநீளத்தில் இயங்கிய ராடார்கள் பல இடங்களில் ஒரே நேரத்தில் இரைச்சலில் மூழ்கின. எதிரியின் புது வித்தையோ என்று பதறினார்கள். இதை ஆராயும் பொறுப்பு ஜேம்ஸ் ஸ்டான்லி ஹே என்பவரிடம் இருந்தது. இரைச்சல் வந்த திசைகளைச் சேர்த்துப் பார்த்தவர், அது சூரியன் நகரும் திசையோடு சேர்ந்தே நகர்வதைக் கவனித்தார். அன்று சூரிய வட்டின் நடுவே ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் இருந்தது. போர்க்கால ரகசியம் என்பதால் 1946 வரை விஷயம் வெளியே வரவில்லை.

அதே 1946இல் அமெரிக்காவில் ஸ்காட் ஃபோர்புஷ் என்பவரும் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்களான காஸ்மிக் கதிர்களை அளக்கத் தரையில் வைத்த கருவிகளில் மூன்று முறை திடீர் ஏற்றம் தெரிந்தது, அவை சூரியனிலிருந்து வந்த துகள்களாக இருக்கலாம் என்று. அவற்றில் முதலாவதின் தேதி 1942 பிப்ரவரி 28. ஹேயின் ராடாரை அலறவைத்த அதே கரும்புள்ளிக் கூட்டம், அதே நாட்கள். ஒருவர் வானொலி அலையைப் பிடித்தார், இன்னொருவர் துகளைப் பிடித்தார். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது. சூரிய வெடிப்பு எப்படித் துகள்களை முடுக்குகிறது என்கிற துறையே இந்த இரண்டு நுனிகளையும் முடிச்சுப் போடும் வேலைதான் என்று எனக்குத் தோன்றும். எண்பது ஆண்டு தாண்டியும் முடிச்சு முழுசாக விழவில்லை.

போருக்குப் பிறகு மிச்சப்பட்ட ராடார் சாமான்களை வைத்து ஆஸ்திரேலியர்கள் சூரியனைக் கேட்கத் தொடங்கினார்கள். பால் வைல்ட் என்பவர் ஒரே அதிர்வெண்ணில் உட்கார்ந்திருக்காமல், ஒரு அகலமான பட்டையை விடாமல் வருடிக்கொண்டே இருக்கும் கருவியை 1949இல் சிட்னிக்கு அருகில் நிறுவினார். நேரம் ஒரு அச்சில், அதிர்வெண் மறு அச்சில். அந்தப் படங்களில் வந்த வடிவங்களைப் பார்த்து 1950இல் முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று பெயர் வைத்தார். கற்பனையே இல்லாத பெயர்கள்தான், ஆனாலும் இன்றுவரை அதேதான். பின்னால் நான்காம், ஐந்தாம் வகைகளும் சேர்ந்தன.

முதல் வகை, கரும்புள்ளிகளுக்கு மேலே மணிக்கணக்கில், நாள்கணக்கில் சடசடக்கும் இரைச்சல். அதை இங்கே விட்டுவிடலாம். சுவாரஸ்யம் மூன்றாம் வகையில். சில நூறு மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, சில விநாடிகளுக்குள் சர்ரென்று சில பத்து மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும் கோடு அது. 100இலிருந்து 30 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க நான்கு விநாடி ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு அடர்த்திகளுக்கும் இடையே கொரோனாவில் ஏறக்குறைய 3.7 லட்சம் கிலோமீட்டர் உயர வித்தியாசம். வேகம் விநாடிக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் அளவில் வருகிறது. ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு! அந்த வேகத்தில் போகக்கூடியது முடுக்கப்பட்ட எலெக்ட்ரான் கற்றை மட்டுமே. பிளாஸ்மா மேகமோ அதிர்ச்சி அலையோ கிட்டவே வர முடியாது.

கற்றை போகும்போது முன்னால் சொன்ன ஊஞ்சல்களைத் தட்டிவிட்டுக்கொண்டே போகிறது. அந்த அசைவில் ஒரு பகுதி வானொலி அலையாக மாறி வெளியேறுகிறது. சோவியத் விஞ்ஞானிகள் கின்ஸ்பர்க்கும் ஷெலஸ்னியகோவும் 1958இல் இதற்கு அடித்தளமான கோட்பாட்டைக் கொடுத்தார்கள். ஊஞ்சலின் அதே அதிர்வெண்ணிலும் அலை வரும், இரண்டு அசைவுகள் சேர்ந்தால் அதன் இரட்டிப்பிலும் வரும். கர்நாடக இசை கேட்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் சேர்ந்து ஒலிப்பது போல. இதனால் ஒரு சங்கடமும் உண்டு. 100.5இல் வருவது அடிப்படைச் சுருதியா, மேல் ஸ்தாயியா என்று தெரியாவிட்டால் உயரக் கணக்கு தப்பிவிடும். மேல் ஸ்தாயி என்றால் அடர்த்தி நான்கில் ஒரு பங்குதான், எலெக்ட்ரான்கள் இன்னும் மேலே இருக்கின்றன. இரண்டும் ஒன்றாகத் தெரியும் படங்கள் கிடைத்தால் ஆய்வாளர்களுக்குக் கொண்டாட்டம்.

இந்தக் கதைக்குள் நம் மலைகள் எப்படி வந்தன? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொன்றுபோட்ட பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு இருக்குமா என்று தேடக் கிளம்பியதில் பிறந்தது கோடைக்கானல் ஆய்வகம், 1899இல். மழைக்கான விடை கிடைத்ததோ இல்லையோ, 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கே கரும்புள்ளியின் ஓரங்களில் வாயு ஆரப்போக்கில் வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். அவர் பெயரிலேயே அந்த விளைவு இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலான தினசரி சூரியப் படங்களும் அங்கே உண்டு. ஆனால் 1950களில் அதே வளாகத்தில் 100 மெகாஹெர்ட்ஸில் சூரிய இரைச்சலைப் பதிவுசெய்யும் கருவியும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. கோடைப் பண்பலை வருவதற்குப் பல காலம் முன்பே, ஏறக்குறைய அதே எண்ணில், அதே மலையில் சூரியனைக் கேட்டிருக்கிறார்கள். இப்போது அந்த அலைவரிசையில் சூரியனைக் கேட்க வேண்டுமென்றால் கோடைக்கானல்தான் உலகத்திலேயே மோசமான இடங்களில் ஒன்றாக இருக்கும்!

1953இல் இரண்டு இளைஞர்கள் கொழும்புத் திட்ட உதவித்தொகையில் சிட்னிக்குப் போனார்கள். ஒருவர் கோடைக்கானல் ஆய்வகத்திலிருந்து போன ஆர். பார்த்தசாரதி. மற்றவர் கோவிந்த் ஸ்வரூப். வானொலி வானியலின் அரிச்சுவடியை இருவரும் அங்கே சூரியனை வைத்துத்தான் படித்தார்கள். ஸ்வரூப் அப்புறம் அமெரிக்காவுக்குப் போய், டெக்சாஸில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நடத்திய நிலையத்தில் சூரிய நிறமாலைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வித்தியாசமான ஒன்று கண்ணில் பட்டது. மூன்றாம் வகைக் கோடு வழக்கம்போலக் கீழே இறங்கியது, நடுவழியில் நின்றது, திரும்பி மேலேறியது. ஆங்கில 'யு' எழுத்து மாதிரி. 1958இல் ஆலன் மாக்ஸ்வெல்லும் ஸ்வரூப்பும் இதை வெளியிட்டார்கள். 'யு' வகை வெடிப்பு என்று பெயர்.

கோடு திரும்புகிறது என்றால் எலெக்ட்ரான்கள் மேலேறி, ஒரு உச்சியைத் தாண்டி, மறுபக்கம் இறங்குகின்றன. மலைச்சாலையில் கணவாய் தாண்டுவது போல. கொரோனாவில் அப்படி வளைந்த சாலை எது? காந்தப்புலக் கோடு. ஒரு கரும்புள்ளியில் கிளம்பி இன்னொன்றில் இறங்கும் வளைவு. மின்சுமை கொண்ட துகள் காந்தக் கோட்டைவிட்டு எளிதில் விலகாது, தண்டவாளத்தில் ரயில் போல அதோடுதான் போகும். கொரோனாவின் காந்த வளைவுகளை நேரில் படமெடுக்க முடியாத காலத்தில், ஒரு வானொலிக் கோட்டின் வளைவிலிருந்து அவற்றை ஊகிக்க முடிந்தது. ஸ்வரூப் பின்னாளில் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீள, 30 மீட்டர் அகலத் தொலைநோக்கியைக் கட்டியது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஏறக்குறைய 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்குமாறு வைத்தார்கள். ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரி சொச்சம், அதுதான் சூட்சுமம். அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ். நம் கணக்கில் போட்டால் கன சென்டிமீட்டருக்கு 130 கோடி எலெக்ட்ரான், அதாவது கொரோனாவின் அடிவாரம்.

ஆனால் அது பெரும்பாலும் சூரியனை நேராகக் கேட்பதில்லை. தூரத்து வானொலி மூலங்களின் அலைகள், சூரியனிலிருந்து ஓயாமல் வெளியே வீசும் பிளாஸ்மாவான சூரியக் காற்றின் ஊடே வரும்போது நட்சத்திரம் போல மினுக்குகின்றன. அந்த மினுக்கலை அளந்து, சூரியன் உமிழ்ந்த பிளாஸ்மா மேகம் வழியில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கணிக்கிறார்கள்.

எலெக்ட்ரான் ஓடுவது தெரிந்தது. ஓடவிட்டது யார்? இந்தக் கேள்விதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது, ஏனென்றால் பதில் பாதிதான் தெரியும்.

மரத்தில் கட்டிய ஊஞ்சலில் உட்கார்ந்து, கயிறு இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும்படி சுற்றிச்சுற்றிப் போய், காலைத் தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்று சிறுவயதில் எல்லோரும் பார்த்திருப்போம். சூரியப் பரப்பு கொதித்துப் புரளும்போது காந்தக் கோடுகளின் கால்களை இழுத்து, திருகி, முறுக்கேற்றுகிறது. நாள்கணக்கில் ஏறிய முறுக்கு, எதிரெதிர்த் திசையில் ஓடும் கோடுகள் மிக நெருங்கிவிடும் இடத்தில் தாங்காமல் அறுந்து, வேறு விதமாக ஒட்டிக்கொள்கிறது. காந்த மறு இணைப்பு என்பார்கள். புதிதாக ஒட்டிய கோடுகள் உண்டிவில்லின் ரப்பர் போல விசுக்கென்று சுருங்குகின்றன. ஒரு பெரிய வெடிப்பில் வெளியாகும் ஆற்றல் 10இன் 25ஆம் அடுக்கு ஜூல். இந்தியா முழுவதும் இன்று ஓராண்டில் செலவழிக்கும் மின்சாரத்தை வைத்துப் பார்த்தால், பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஓட்டலாம். இதில் கணிசமான பங்கு வெறும் சூடாக அல்ல, முடுக்கப்பட்ட துகள்களின் ஆற்றலாகவே முதலில் வெளிப்படுகிறது. அதுதான் விசித்திரம். அடுப்பு வெடித்தால் சூடுதான் வரும் என்று எதிர்பார்ப்போம். இங்கே தோட்டா வருகிறது.

தோட்டாக்கள் மேலே மட்டும் போவதில்லை. கீழ்நோக்கிப் பாய்பவை சூரியனின் அடர்ந்த அடுக்கில் மோதிக் கடின எக்ஸ் கதிராக மின்னுகின்றன. மோதிய இடம் சூடேறி ஹைட்ரஜன் ஒளியில் பளபளக்கும் பட்டைகளாகத் தெரியும். கோடைக்கானல் தொலைநோக்கியில் 'வெடிப்பு' என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த விழுந்த இடத்தைத்தான். ஆதித்யா எல்1 விண்கலத்தில் இருக்கும் ஹீலியோஸ் கருவி அளப்பது அந்த எக்ஸ் கதிரை.

இன்னும் ஒரு கூட்டம் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் வளைவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு சுழல்கிறது. காந்தக் கோட்டைச் சுற்றித் திருகுபோல் சுழலும் எலெக்ட்ரான், ஒரு காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) புலத்துக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில் சுற்றும். 300 காஸ் புலத்தில் 840 மெகாஹெர்ட்ஸ். வேகம் அதிகமான எலெக்ட்ரான்கள் அதன் பத்து மடங்கு, பல பத்து மடங்குச் சுருதிகளிலும் ஒலிக்கும். ஆகவே இது நுண்ணலைப் பட்டையில், சில கிகாஹெர்ட்ஸில் வரும். மூன்றாம் வகை இரைச்சல், எலெக்ட்ரான் இருக்கும் இடத்து அடர்த்தியைச் சொல்கிறது என்றால், இது அந்த இடத்துக் காந்தப்புலத்தையே சொல்கிறது. வெடிப்பின் இதயத்தில் காந்தப்புலத்தை அளக்க இதைவிட நேரடியான வழி கிடையாது என்றே சொல்வேன்.

கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் 2.1 மீட்டர் கிண்ணங்கள் 13 வைத்து, 1 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரை விடாமல் படம் எடுக்கும் அணி ஒன்று இருக்கிறது. 2017 செப்டம்பர் 10ஆம் தேதி சூரிய விளிம்பில் ஒரு பெரிய வெடிப்பு நடந்தபோது அதிர்ஷ்டவசமாக அது பார்த்துக்கொண்டிருந்தது. கண்டது என்ன? வெடிப்பின் நடுவே காந்தப்புலம் விநாடிக்குச் சுமார் 5 காஸ் வீதம் சரிந்தது. புலம் கரையும்போதே ஆற்றல் துகளுக்குப் போவதை நேரில் பார்த்தது போல. 2020இல் இது வெளியானது. 2022இல் கிரிகரி ஃப்ளைஷ்மன் குழுவினர் அதே வெடிப்பை வைத்து இன்னொன்று சொன்னார்கள். மையத்தில் ஒரு பெரிய பகுதியில் இருந்த எலெக்ட்ரான்களில் ஏறக்குறைய எல்லாமே முடுக்கப்பட்டுவிட்டன, சாதாரணச் சூடான பிளாஸ்மா அங்கே மிச்சமே இல்லை என்று.

இதை ஏற்பது எளிதல்ல. எக்ஸ் கதிர்க் கணக்குப்படி பெரிய வெடிப்பில் விநாடிக்கு 10இன் 36ஆம் அடுக்கு எலெக்ட்ரான்கள் முடுக்கப்படுகின்றன. அந்தப் பகுதி கொரோனாவில் இருப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான், கூடினால் பத்து மடங்கு. ஒரு சில விநாடியில் கிணறு காலியாகிவிட வேண்டும், ஆனால் வெடிப்பு நிமிடக்கணக்கில் நீடிக்கிறது. கீழிருந்து எலெக்ட்ரான்கள் எதிர் ஓட்டமாக ஏறி வந்து நிரப்புகின்றன என்பது பொதுவான விளக்கம். நிரப்பும் குழாய் எப்படி இருக்கிறது, முடுக்கும் இயந்திரம் சுருங்கும் வளைவுகளா, கொந்தளிப்பா, பாய்ச்சல் கீழே மோதும் இடத்து அதிர்ச்சியா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. மூன்றும் வெவ்வேறு விகிதத்தில் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பது என் பக்கம்.

இதுவரை எலெக்ட்ரான். விண்வெளி வீரர்களையும் செயற்கைக்கோள்களையும் மிரட்டுவது புரோட்டான். அதற்கு இரண்டாம் வகை வெடிப்பைப் பார்க்க வேண்டும். இதுவும் மேல் சுருதியிலிருந்து கீழே இறங்குவதுதான், ஆனால் நிதானமாக. மூன்றாம் வகை நான்கு விநாடியில் கடந்த உயரத்தைக் கடக்க இது ஆறு நிமிடம் எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர். இது கற்றை அல்ல, பிளாஸ்மா மேகம் முட்டித் தள்ளிக்கொண்டு போகும் அதிர்ச்சி அலை. கிரிக்கெட்டில் பந்து வரும் வேகத்தோடு மட்டையையும் முன்னால் வீசினால் பந்து கூடுதல் வேகத்தில் திரும்பும் அல்லவா? அதிர்ச்சி அலைக்கு முன்னும் பின்னும் மாட்டிக்கொண்ட புரோட்டான் இப்படி நூற்றுக்கணக்கான தடவை அடிவாங்கி, ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் வேகம் சேர்த்துக்கொள்கிறது. 1949இல் என்ரிகோ ஃபெர்மி காஸ்மிக் கதிர்களுக்காகச் சொன்ன யோசனையிலிருந்து வளர்ந்தது இது.

நெடுங்காலம் எல்லாப் பழியையும் வெடிப்பின் மேலேயே போட்டுவந்தார்கள். துகள்களின் கலவையை விண்கலங்கள் எண்ணத் தொடங்கிய பிறகுதான் இரண்டு குடும்பங்கள் பிரிந்தன. ஒன்று சில மணிநேரத்தில் முடிந்துவிடும், எலெக்ட்ரான் மிகுதி, மூன்றாம் வகை இரைச்சலோடு வரும். அதில் சாதாரணமாக ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாத ஹீலியம்-3, ஹீலியம்-4க்குச் சமமாகவே வந்து நிற்கும். மற்றது நாள்கணக்கில் நீடிக்கும், புரோட்டான் மிகுதி, இரண்டாம் வகை இரைச்சலோடு, பிளாஸ்மா மேகத்தோடு வரும். ஆக வானொலிப் படத்தின் சாய்வைப் பார்த்தாலே பின்னால் எந்தக் கும்பல் வரப்போகிறது என்று ஓரளவு சொல்லலாம். ஓரளவுதான். பெரிய நிகழ்வுகளில் இரண்டும் கலந்துகட்டி வருவது சகஜம்.

இந்தப் புரோட்டான்கள் நீலகிரிக்கு வருமா? கிட்டத்தட்ட வராது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே போகிறது. இங்கே காந்தக் கோடுகள் தரைக்குக் கிடையாக ஓடுகின்றன, மேலிருந்து வரும் துகள் அவற்றைக் குறுக்கே கடந்தாக வேண்டும். ஊட்டியில் நேர்மேலிருந்து இறங்க ஒரு புரோட்டானுக்கு 17 கிகா எலெக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றல் வேண்டும். சூரியத் துகள்கள் அதை எட்டுவது அரிது. ஃபோர்புஷ் 1942 ஏற்றம் சூரியனிலிருந்து வந்த மின்சுமைத் துகள்கள்தான் என்று நினைக்க ஒரு காரணமே, காந்த நடுக்கோட்டில் இருந்த பெரு நாட்டின் உவாங்காயோ கருவி மட்டும் அன்று அசையாமல் இருந்ததுதான். நம் ஊரும் அந்த வகையறா. கூரை கெட்டியான வீடு.

கூரை கெட்டி என்பதாலேயே அது ஆடினால் இங்கே நன்றாகத் தெரியும். ஊட்டியில் 560 சதுர மீட்டர் பரப்பில் மியூவான்களை (காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் துகள்களை) எண்ணிக்கொண்டிருக்கும் கிரேப்ஸ்-3 கருவி, 2015 ஜூன் 22ஆம் தேதி இரண்டு மணிநேரம் மியூவான் எண்ணிக்கை ஏறியதைப் பதிவுசெய்தது. வந்தவை சூரியத் துகள்கள் அல்ல. சூரியனிலிருந்து வந்த பிளாஸ்மா மேகம் பூமியின் காந்தக் கவசத்தை அழுத்தித் தற்காலிகமாகப் பலவீனப்படுத்த, வழக்கமாக வெளியே தடுக்கப்படும் காஸ்மிக் கதிர்கள் உள்ளே நுழைந்தன என்று 2016இல் அந்தக் குழு விளக்கியது. சூரியன் கதவைத் தட்டியது, உள்ளே வந்தது வேறு ஆள்.

துகளைத் தடுக்கும் கூரை வானொலி அலையைத் தடுக்காது. 1967 மே 23ஆம் தேதி அமெரிக்காவின் ஏவுகணை எச்சரிக்கை ராடார்கள் ஒரே நேரத்தில் முடங்கின. சோவியத் வேலை என்று நினைத்துப் போர் விமானங்களைத் தயார்படுத்தும் அளவுக்குப் போனார்கள். சூரிய வெடிப்பின் வானொலி இரைச்சல் என்று ராணுவத்தின் விண்வெளி வானிலைக் கணிப்பாளர்கள் சொன்ன பிறகே அமைதியானார்கள். 25 ஆண்டுகள் கழித்தும் 1942இன் அதே குழப்பம், இம்முறை அணுகுண்டோடு. 2006 டிசம்பர் 6ஆம் தேதி வந்த இரைச்சல் இன்னும் விஷமத்தனமானது. 1.4 கிகாஹெர்ட்ஸ் அருகில், அதாவது ஜிபிஎஸ் அலைவரிசைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. பகல்பக்கம் இருந்த பல ஜிபிஎஸ் வாங்கிகள் செயற்கைக்கோள்களைத் தவறவிட்டன.

இப்போது பேருந்துக்கு வருவோம். மூன்றாம் வகை வெடிப்பு 100.5ஐக் கடக்கும் அந்த விநாடியில் ஓட்டுநரின் பண்பலையில் ஏதாவது கேட்குமா? கேட்காது. பண்பலை வாங்கி அலையின் வீச்சு ஏறி இறங்குவதைக் கண்டுகொள்ளாதபடியே வடிவமைக்கப்பட்டது. தவிர, தலைக்கு மேலே நிற்கும் கோபுரத்தின் முன் சூரியன் எம்மாத்திரம்? 20, 30 மெகாஹெர்ட்ஸில் வெற்று அலைவரிசையைக் கேட்கும் ஹாம் வானொலிக்காரர்களுக்கு மட்டும் கடலலை கரையேறி இறங்குவது போன்ற 'உஸ்ஸ்' கேட்கும்.

கேட்காவிட்டால் என்ன, பார்க்கலாம். சுவிட்சர்லாந்தில் வடிவமைத்த காலிஸ்டோ என்ற சிறு வாங்கி, உள்ளே இருப்பது சாதாரண டிவி ட்யூனர், உலகம் முழுவதும் பல நிலையங்களில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முத்தோரையிலும் ஒன்று உண்டு. விநாடிக்கு நான்கு தடவை, 200 அலைவரிசைகளை வருடும். படங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். இந்த வகைப் படங்களில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை இடமிருந்து வலமாக, நாள் முழுக்க, அசையாத நேர்கோடுகள் ஓடும். அவை பண்பலை நிலையங்கள். பாட்டும் விளம்பரமும் வானிலை அறிக்கையும் எல்லாம் சேர்ந்து ஒரே தட்டையான கோடு. எப்போதாவது ஒரு நாள் மேலிருந்து கீழாக, கிட்டத்தட்டச் செங்குத்தாக, ஒரு கீற்று அந்தக் கோடுகளை வெட்டிக்கொண்டு இறங்கியிருக்கும். இறங்கும் கோடு, ஏறும் எலெக்ட்ரான். அது 100ஐ வெட்டிய நேரத்தைப் பார்த்து அதிலிருந்து 8 நிமிடம் 20 விநாடியைக் கழித்தால், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் உயரத்தை அவை எப்போது தாண்டின என்று தெரிந்துவிடும்.